28 நாளுக்குள்ள ஒரு லெட்டர்

ஏழாவது செமஸ்டர்ல கான்ட்ராக்ட் மேனேஜ்மென்ட்னு ஒரு எலக்டிவ் இருக்கு. நம்மில் பாதிப் பேர் அதை எடுக்கிறதுக்கு ஒரே காரணம்தான்: கணக்கு கிடையாது, கதை எழுதினா மார்க் வரும். நானும் அப்படித்தான் எடுத்தேன். முதல் ரெண்டு யூனிட் முடியறவரைக்கும் அந்தப் பேப்பர் மேல எனக்கு எந்த மரியாதையும் இல்ல. மரியாதை வந்தது வகுப்பில் இல்ல, இன்டர்ன்ஷிப்ல.

போன வருஷம் ஒரு கட்டடத்தோட அடித்தள வேலை நடக்கிற சைட்ல ஒரு மாசம் இருந்தேன். குழி தோண்டும்போது டிராயிங்ல இல்லாத ஒரு ஹெவி மின் கேபிள் குறுக்கே வந்துச்சு. வேலையை நிறுத்தியாச்சு. கேபிளை மாத்தி அமைக்க 11 நாள் ஆச்சு. மண் வேலை எடுத்திருந்த சப்-கான்ட்ராக்டரோட ரெண்டு ஜேசிபியும் அந்த 11 நாள் சும்மா நின்னுச்சு. வாடகை மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஒரு மாசம் கழிச்சு அவர் நஷ்டத்துக்குப் பணம் கேட்டார். பில்லிங் பிரிவில் இருந்த சார் கேட்டது ஒரே கேள்வி: "லெட்டர் கொடுத்தீங்களா?"

"போன்ல சொன்னேனே சார். எல்லாரும் வந்து பார்த்துட்டுத்தான போனாங்க?"

"பார்த்தது சரி. லெட்டர்?"

அவரோட ஒப்பந்தத்தில 15 நாளுக்குள்ள எழுத்துல தெரிவிக்கணும்னு இருந்திருக்கு. அவர் தெரிவிக்கல. என் போன்ல அந்தக் குழியோட போட்டோ நாற்பதுக்கு மேல இருந்துச்சு. "தம்பி, அந்தப் போட்டோ எல்லாம் அனுப்பு"ன்னு கேட்டார், அனுப்பினேன். ஆனா பணம் வரல. கேபிள் இருந்தது உண்மை, வேலை நின்னதும் உண்மை. யாரும் அதை மறுக்கல. இருந்தும் வரல.

அது நியாயமான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். அந்த யோசனையில படிச்சதுதான் இந்தக் கட்டுரை. சிவில் படிக்கிறவங்க மட்டும் இல்ல, மெக்கானிக்கல், ஈஈஈ நண்பர்களும் படிங்க. வளைகுடா நாட்டுலயோ சிங்கப்பூர்லயோ ஒரு ப்ராஜெக்ட்ல உட்காரப் போறவங்க நம்மில் நிறையப் பேர்.

ஃபிடிக் - பல நாடுகளுக்கு ஒரே புத்தகம்

ஒரு நாட்டு அரசு, இன்னொரு நாட்டு கம்பெனி, மூணாவது நாட்டு கன்சல்டன்ட், நாலாவது நாட்டு வங்கியோட கடன். சர்வதேச கட்டுமானம்னா பல நேரம் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒப்பந்தம் எழுதினா பேசி முடிக்கவே வருஷக்கணக்கா ஆகும். அதனால மாதிரி ஒப்பந்தங்கள் வந்துச்சு. அதில் உலகம் முழுக்க அதிகம் புழங்குறது ஃபிடிக். 1913-ல் தொடங்கின, ஜெனிவாவில் இருக்கிற கன்சல்டிங் இன்ஜினியர்களோட சர்வதேச கூட்டமைப்பு வெளியிடுறது.

அட்டையோட நிறமே பேரா ஆயிடுச்சு. டிசைனை முதலாளி தரப்பு கொடுத்தா சிவப்புப் புத்தகம். டிசைனையும் கான்ட்ராக்டரே செஞ்சா மஞ்சள். கிட்டத்தட்ட எல்லா ரிஸ்க்கையும் கான்ட்ராக்டரே சுமந்து, சாவியைத் திருப்பினா ஓடுற நிலையில் ஒப்படைக்கணும்னா வெள்ளி. 1999-ல் வந்த பதிப்பும் 2017-ல் வந்த பதிப்பும்தான் இப்போ புழக்கத்துல இருக்கு. நான் கீழே சொல்ற விதி எண்கள் எல்லாம் 1999 மஞ்சள் புத்தகத்தோடது. ஏன்னா நாம பார்க்கப் போற வழக்கு அதுலதான் நடந்துச்சு.

ரன்வே அடியில ஒரு சுரங்கம்

ஜிப்ரால்டர் ஸ்பெயினோட தென்முனையில் ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்ன பிரிட்டிஷ் பகுதி. மொத்தமே 7 சதுர கிலோமீட்டர் வராது. இடம் இல்லாததால 2023 வரைக்கும் அங்க விமான ஓடுபாதையும் ஸ்பெயினுக்குப் போற மெயின் ரோடும் ஒண்ணையொண்ணு குறுக்கா வெட்டிக்கிட்டு இருந்துச்சு. விமானம் வந்தா ரயில்வே கேட் போடுற மாதிரி ரோட்டுக்கு கேட் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

இதுக்குத் தீர்வா ஓடுபாதையோட கிழக்கு முனைக்கு அடியில சுமார் 350 மீட்டர் சுரங்கமும் அதுக்கான சாலையும் கட்ட முடிவாச்சு. ஓஎச்எல்ங்கிற ஸ்பெயின் கம்பெனிக்கு 2008 டிசம்பர்ல வேலை கிடைச்சுச்சு. மதிப்பு சுமார் 3 கோடி பவுண்டு. காலம் 2 வருஷம்.

இரண்டரை வருஷம் கழிஞ்சு பார்த்தா, நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலதான் வேலை முடிஞ்சிருந்துச்சு. 2011 ஜூலை 28-ல் ஜிப்ரால்டர் அரசு டெர்மினேஷன் நோட்டீஸ் கொடுத்துச்சு. "நீங்க ஒப்பந்தத்தை முறிச்சது தப்பு, நஷ்ட ஈடு கொடுங்க"ன்னு கம்பெனி. "தாமதம் பண்ணினது நீங்க, நீங்கதான் கொடுக்கணும்"னு அரசு. வழக்கு லண்டனுக்குப் போச்சு. 2014-ல் நீதிபதி ஏக்கன்ஹெட் தீர்ப்பு சொன்னார். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சுச்சு. கம்பெனி தோத்துடுச்சு.

ஏன் தோத்துச்சுங்கிறதுலதான் நமக்கான பாடம் இருக்கு.

உரிமை 1: எதிர்பாராத மண்

கம்பெனியோட முக்கியமான வாதம் மண்ணைப் பத்தினது. தோண்டின மண்ணுல எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமா மாசு கலந்திருக்கு, பாறையும் அதிகமா வருதுன்னு சொன்னாங்க. தொழிலாளர் ஆரோக்கியத்தைக் காரணம் காட்டி தோண்டுற வேலையையே நிறுத்தினாங்க, டிசைனையும் மாத்தப் பார்த்தாங்க.

விதி 4.12 இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். அனுபவமுள்ள ஒரு கான்ட்ராக்டரால டெண்டர் போடுற நாளுக்குள்ள நியாயமா முன்கூட்டியே ஊகிச்சிருக்க முடியாத தடை வந்தா, கூடுதல் நாளும் உண்டு, கூடுதல் செலவும் உண்டு.

இதுல "அனுபவமுள்ள கான்ட்ராக்டர்"ங்கிற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கு. டெண்டரோட கொடுத்த சுற்றுச்சூழல் அறிக்கையில சுமார் 10,000 கன மீட்டர் மாசு மண் இருக்கலாம்னு ஒரு எண் இருந்துச்சு. "அதை நம்பித்தான் விலை போட்டோம்"னு கம்பெனி சொன்னது. நீதிபதி ஏத்துக்கல. அந்த நிலம் பல காலமா ராணுவப் பயன்பாட்டுல இருந்தது, பக்கத்துலயே விமான நிலையம். அனுபவமுள்ள ஒருத்தர் அந்த எண்ணைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிருக்க மாட்டார். இடத்தோட வரலாற்றைப் பார்த்து, சொந்தமா யோசிச்சு, அதுக்கு மேலயும் ஒரு பெரிய அளவுக்கு இடம் விட்டிருப்பார்னு சொன்னார்.

நம்ம லேப் ரெக்கார்டை நினைச்சுக்கோங்க. போர்ஹோல் ரிப்போர்ட்டை சீனியர் நோட்டுல இருந்து எடுத்து எழுதுற பழக்கம் நமக்கு உண்டு. தொழில்ல அந்தப் பழக்கத்துக்கு விலை கோடிகள்ல இருக்கும்.

உரிமை 2: கேட்கிற முறையில் கேட்டால்தான் உரிமை

இப்போ விதி 20.1. ஒரு நிகழ்வால கூடுதல் நாளோ பணமோ வேணும்னா, அந்த நிகழ்வு தெரிஞ்ச நாள்ல இருந்து, இல்லன்னா தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்ல இருந்து 28 நாளுக்குள்ள இன்ஜினியருக்கு நோட்டீஸ் கொடுக்கணும். கொடுக்கலன்னா நாளும் கிடையாது, பணமும் கிடையாது, முதலாளியோட பொறுப்பும் அதோட முடிஞ்சது. முழு விவரத்தோட க்ளெய்ம் கொடுக்க 42 நாள். அது வேற கணக்கு.

"தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்"ங்கிறதைக் கவனிங்க. "எனக்குத் தெரியாது சார்"ங்கிற பதில் இங்க செல்லாது.

ஜிப்ரால்டர் வழக்குல மழை பத்தி ஒரு சின்ன விஷயம் வருது. மழையால வேலை பாதிக்கப்பட்டிருக்குன்னு கம்பெனி ஒரு கடிதம் எழுதியிருக்கு. எழுத்துல இருக்கு, தேதி இருக்கு. ஆனாலும் அது நோட்டீஸ் ஆகல. ஏன்னா அதுல "மழை பெஞ்சுச்சு"ன்னு தகவல் இருக்கே தவிர, "அதனால எங்களுக்குக் கூடுதல் நாள் வேணும்"ங்கிற கோரிக்கை இல்ல. கடைசியில வருஷக்கணக்குல நாள் கேட்ட கம்பெனிக்கு, நீதிமன்றக் கணக்குப்படி நியாயமா சேர வேண்டியது ஒரு வாரத்தைத் தாண்டல. அதுலயும் மழைக்கான நாட்கள் நோட்டீஸ் இல்லாம போயிடுச்சு.

அதே தீர்ப்புல கான்ட்ராக்டருக்கு சாதகமான ஒரு விஷயமும் இருக்கு. 28 நாள் கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்கும்? தாமதம் வரப்போகுதுன்னு தெளிவா தெரியும்போதும் நோட்டீஸ் கொடுக்கலாம், தாமதம் நிஜமாவே தொடங்கின பிறகும் கொடுக்கலாம்னு நீதிபதி கொஞ்சம் தாராளமா பொருள் சொன்னார். ஆனா இதை நம்பிக் காத்திருக்காதீங்க. உங்க வழக்கை வேற நீதிபதி கேட்கலாம், வேற நாட்டுச் சட்டம் பொருந்தலாம்.

இவ்வளவு கடுமையா ஒரு விதி எதுக்கு? என் மனசுல இருந்த கேள்வியும் இதுதான். முதலாளி பக்கம் நின்னு பார்த்தேன். சீக்கிரம் தெரிஞ்சா அவர் போய்ப் பார்க்கலாம், அளவு எடுக்கலாம், டிசைனை மாத்தி செலவைக் குறைக்கலாம், வங்கியில கூடுதல் பணத்துக்குச் சொல்லி வைக்கலாம். வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு மொத்தமா ஒரு பில்லை நீட்டினா எதையும் சரிபார்க்க முடியாது. விதியோட நோக்கம் நியாயமானதுதான். ஆனா 1999 பதிப்புல இந்தக் கதவடைப்பு கான்ட்ராக்டருக்கு மட்டும்தான் இருந்துச்சு. 2017 பதிப்புல முதலாளியோட க்ளெய்முக்கும் அதே 28 நாள், அதே தண்டனை. இப்போ தராசு கொஞ்சம் சமம்.

டெர்மினேஷன்: கடைசி அஸ்திரம்

முதலாளி எப்போ ஒப்பந்தத்தை முறிக்கலாம்? விதி 15.2 பட்டியல் போடுது. வேலையைக் கைவிட்டா, நியாயமான காரணம் இல்லாம வேலையை நகர்த்தாம இருந்தா, செயல்பாட்டு உத்தரவாதம் கொடுக்கலன்னா, அனுமதி இல்லாம முழு வேலையையும் வேற ஒருத்தர் கையில கொடுத்தா, 14 நாள் நோட்டீஸ்ல முறிக்கலாம். திவால் ஆனாலோ லஞ்சம் கொடுத்தாலோ உடனே முறிக்கலாம்.

பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு: விதி 15.1-படி "இந்தத் தப்பை இத்தனை நாளுக்குள்ள சரி பண்ணு"ன்னு இன்ஜினியர் கொடுத்த நோட்டீஸை மதிக்காம விடுறது. ஜிப்ரால்டர்ல 2011 மே மாசமும் ஜூலை மாசமும் இப்படி நோட்டீஸ் போச்சு. வேலை நகரல. அதுக்குப் பிறகுதான் டெர்மினேஷன்.

ஆனா சில்லறைத் தப்புக்கெல்லாம் இதைப் பயன்படுத்த முடியாது. சொல்ற தப்பு ஒப்பந்த மீறலா இருக்கணும், அற்பமா இருக்கக் கூடாது, சரி பண்ணக் கொடுக்கிற கெடு நியாயமா இருக்கணும்னு தீர்ப்பு சொல்லுது. "நோட்டீஸ் போர்டுல பெயின்ட் போயிடுச்சு"ன்னு எழுதி ஒருத்தரைத் துரத்த முடியாது.

இன்னொரு சுவாரசியம். கம்பெனிக்கு வர்ற கடிதங்கள் மாட்ரிட் அலுவலகத்துக்குப் போகணும்னு ஒப்பந்தத்துல முகவரி இருந்துச்சு. டெர்மினேஷன் கடிதத்தை அரசு சைட் ஆபீஸ்ல கொடுத்துச்சு. "முகவரி தப்பு, அதனால டெர்மினேஷன் செல்லாது"ன்னு கம்பெனி வாதாடிச்சு. கடிதம் கையில கிடைச்சிருக்கு, படிச்சும் இருக்காங்க, அதனால செல்லும்னு நீதிபதி முடிச்சுட்டார். இந்த முறை அரசு தப்பிச்சுது. ஆனா ஒரு முகவரியைச் சரியா போடாததால கோடிக்கணக்கான ரூபாய் வழக்குல ஒரு தனி வாதமே உருவாச்சு பாருங்க.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? ஏன்னா டெர்மினேஷன் ரெண்டு பக்கமும் கூரான கத்தி. காரணம் இல்லாம முறிச்சா, முறிச்சவரே ஒப்பந்தத்தை மீறினவர் ஆயிடுவார். அப்புறம் நஷ்ட ஈடு எதிர்த் திசையில ஓடும். இது ரெண்டு தரப்புக்கும் பொருந்தும்.

காரணமே சொல்லாம முறிக்கிற உரிமையும் முதலாளிக்கு உண்டு, விதி 15.5. ஆனா வேலையைத் தானே செய்யவோ வேற கான்ட்ராக்டருக்குக் கொடுக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது. விலை குறைவா ஒருத்தர் கிடைச்சார்னு இருக்கிறவரை அனுப்ப முடியாது.

கான்ட்ராக்டர் கையில என்ன இருக்கு?

கான்ட்ராக்டருக்கும் முறிக்கிற உரிமை இருக்கு. முக்கியமான காரணம், பணம் வராதது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க.

பில் விவரம் இன்ஜினியர் கைக்குப் போனதில் இருந்து 56 நாளுக்குள்ள பணம் வரணும். வரலன்னா இன்னும் 42 நாள் காத்திருக்கணும். அதுக்குப் பிறகு 14 நாள் நோட்டீஸ். மொத்தம் 112 நாள். கிட்டத்தட்ட நாலு மாசம் சொந்தக் காசுல சம்பளமும் டீசலும் போட்டாத்தான் அந்த உரிமை கைக்கு வரும்.

நடுவுல ஒரு சின்ன ஆயுதம் இருக்கு. பணம் கெடுவுக்குள்ள வரலன்னா, 21 நாள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தி வைக்கலாம் அல்லது வேகத்தைக் குறைக்கலாம், விதி 16.1. தாமதமான பணத்துக்கு வட்டியும் உண்டு. நோட்டீஸ் கொடுக்காம "காசு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு ஆளைக் குறைச்சா? அது முதலாளி பக்கத்துல "வேலையை நகர்த்தல"ங்கிற குற்றச்சாட்டுக்கு ஆதாரமா மாறிடும். செய்யற காரியம் ஒண்ணுதான். முன்னாடி ஒரு கடிதம் இருந்தா உரிமை, இல்லன்னா மீறல்.

பொறுப்புக்கு எல்லை உண்டா?

உண்டு. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருப்பாங்க, அதுக்கு ஒரு உச்சவரம்பும் இருக்கும். விதி 17.6 மொத்தப் பொறுப்புக்கும் ஒரு கூரை போடுது. வேற தொகை எழுதலன்னா, ஒப்புக்கொண்ட ஒப்பந்தத் தொகைதான் கூரை. ரெண்டு தரப்பும் ஒருத்தர் மேல ஒருத்தர் "இந்தப் பாலம் இல்லாததால என் வியாபாரம் போச்சு" மாதிரியான மறைமுக நஷ்டத்தையும் கேட்க முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. மோசடி, வேணும்னே செய்த தப்பு, கண்மூடித்தனமான அலட்சியம் இதெல்லாம் வந்தா கூரை பறந்துடும்.

இந்தக் கூரை கான்ட்ராக்டருக்குச் சலுகை மாதிரி தெரியும். ஆனா அது இல்லன்னா பாதிப் பேர் டெண்டரே போட மாட்டாங்க. போடுறவங்களும் பயத்துக்கு ஒரு விலை சேர்த்துத்தான் போடுவாங்க.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

புத்தகம் ஒண்ணா இருந்தாலும், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி பல விஷயங்களை மாத்தும். இங்கிலாந்து வழியில 28 நாள் கதவடைப்பு பொதுவா அப்படியே செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் 28-வது பிரிவு இருக்கு. 1997-ல் அதைத் திருத்தினாங்க. குறிப்பிட்ட காலம் முடிஞ்சதும் ஒருத்தரோட உரிமையை அழிச்சு, அவரால அதை வலியுறுத்த முடியாம செய்யற ஒப்பந்த விதி அந்த அளவுக்குச் செல்லாதுன்னு அது சொல்லுது. அதனால நம்ம நாட்டுல இந்தக் கதவடைப்பை எதிர்த்து வாதாட இடம் இருக்கு. "உரிமை பிறக்கிறதுக்கே நோட்டீஸ் ஒரு நிபந்தனை, பிறக்காத உரிமையை யாரும் அழிக்கல"ன்னு எதிர் வாதமும் இருக்கு. எண்ணும் 28, பிரிவும் 28. அது தற்செயல்தான். வைவாவுல குழப்பிக்காதீங்க.

வாதாட இடம் இருக்குங்கிறது வேற, வாதாட வசதி இருக்குங்கிறது வேற. ஓஎச்எல் மாதிரி கம்பெனியால லண்டன் வரைக்கும் போக முடிஞ்சுது. ரெண்டு ஜேசிபியை வாடகைக்கு எடுத்து ஓட்டுறவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

அப்போ நாம என்ன செய்யலாம்?

சைட்ல முதல்ல எதையும் பார்க்கிறது மேனேஜர் இல்ல, வக்கீலும் இல்ல. புதுசா சேர்ந்த ஜூனியர் இன்ஜினியர்தான். அதாவது அடுத்த ஜூன்ல நீங்களும் நானும்.

சேர்ந்த முதல் வாரத்துலயே நோட்டீஸ் விதி, பணம் விதி, டெர்மினேஷன் விதி மூணையும் படிங்க. சிறப்பு நிபந்தனைகளையும் சேர்த்துப் படிங்க. 28 நாளை 14 ஆக்கியிருப்பாங்க, பொது நிபந்தனைகளைப் படிச்சவங்களுக்கு அது தெரியவே தெரியாது. சைட் டைரியைத் தினமும் எழுதுங்க: தேதி, எத்தனை ஆள், எந்த மெஷின், ஏன் நின்னுச்சு. போட்டோ எடுத்தா அது எந்த இடம், எந்த நாள்னு அன்னிக்கே எழுதி வைங்க.

கடிதத்துல மூணு விஷயம் இருக்கட்டும்: என்ன நடந்துச்சு, எந்த விதிப்படி சொல்றோம், கூடுதல் நாளோ பணமோ கேட்கப் போறோம்ங்கிற தெளிவான வாக்கியம். மூணாவது இல்லாததாலதான் மேலே சொன்ன மழைக் கடிதம் வெறும் வானிலை அறிக்கையா நின்னுச்சு. எந்த முகவரிக்கு அனுப்பணும்னு பார்த்து அனுப்புங்க. வாட்ஸ்அப்ல வர்ற கட்டைவிரல் அனுமதி இல்ல.

அந்த ஜிப்ரால்டர் சுரங்கம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வழக்கு முடிஞ்ச பிறகு அரசும் அதே கம்பெனியும் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. அந்தக் கம்பெனியே வேலையை முடிச்சுக் கொடுத்துச்சு. 2023 மார்ச் 31-ல் திறந்தாங்க. 2 வருஷ வேலைக்கு 14 வருஷத்துக்கு மேல.

என் சைட் அண்ணன் கதை அவ்வளவு பெருசு இல்ல. நான் கிளம்புற அன்னிக்கு அவர்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு போனேன். ஜேசிபியில ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டதா சொன்னார். கூட இருந்த பையன் புது ரூல்டு நோட்டுல அன்னிக்கு வந்த ஆள் கணக்கை எழுதிக்கிட்டு இருந்தான். முதல் பக்கத்துல தேதி பெரிய எழுத்துல இருந்துச்சு.